எண்ணுக்குக் கீழே காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏ படத்துக்குச் சின்னப் பிள்ளைகளை விடுகிற தியேட்டர்காரர்களைத் திட்டி உங்கள் பேப்பரில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் திட்டியது என்னைத்தான். கோவில்பட்டியில் ஒரு தியேட்டர் வாசலில் 1994-லிருந்து டிக்கெட் கிழிக்கிறேன்.

ஏ படத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 18 வயது ஆகாதவரை உள்ளே விட்டால் சட்டப்படி குற்றம். ஆதாரைக் கேட்பேன். "மீசை முளைச்சாச்சு அண்ணாச்சி" என்பான். அப்புறம் ஒரு பாட்டம் சண்டை. போனிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பையனோடு வரும் அப்பாமார் இன்னும் மோசம். ஏ என்றால் பழைய காலைக்காட்சிப் படங்கள்தான் அவர்களுக்கு ஞாபகம். "இதுல அப்படி ஒண்ணும் கிடையாதே, வெட்டுக்குத்துதான?" என்கிறார்கள். அந்த வெட்டுக்குத்துக்குத்தான் ஏ என்றால் நம்புவதில்லை.

எனக்குச் சிக்கல், பெற்றோர் யோசித்துக் கூட்டி வரவேண்டிய யுஏ படத்தில்தான். 2023-ல் சட்டத்தைத் திருத்தி அதை 7, 13, 16 என்று வயதை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் யுஏ 16 என்றால் அதற்குக் கீழே இருப்பவர்களை நான் தடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிடையாது. அது பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டும்தான். கூட்டி வருவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

சரி, எதை வைத்து அவர்கள் முடிவெடுப்பது?

போன பள்ளி லீவில் ஒரு அம்மா, இரண்டாவது மூன்றாவது படிக்கிற வயசில் ஒரு பெண்பிள்ளையோடு வந்தார். யுஏ 16 படம். "பிள்ளை பாக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் நிற்கிறவன் ஒரு படத்தை முழுசாகப் பார்த்து வருஷக்கணக்காகிறது. "உங்க இஷ்டம்மா" என்றேன். இடைவேளைக்கு முன்னாலேயே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அது அம்மா கழுத்திலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. பாப்கார்ன் பொட்டலம் பிரிக்காமல் கையில் இருந்தது. "ரத்தமா இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

மறுநாள் ஒரு சிலேட்டு வாங்கினேன். அடுத்த படம் வந்ததும், முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தவர்களிடம் விசாரித்து, "தலையை வெட்டும் காட்சி இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பயப்படும்" என்று எழுதி கவுன்டர் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். ஒரே ஒரு காட்சிக்குத்தான் இருந்தது. "வர்ற கூட்டத்தை நீயே விரட்டுதியா?" என்று மேனேஜர் அழித்துவிட்டார்.

நான் விசாரித்து எழுதியதை முறையாகப் பார்த்து எழுதவே ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிற தணிக்கை அலுவலகம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குழுவை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறது. எந்தக் காட்சி, எந்த வசனம், எவ்வளவு ரத்தம் என்றெல்லாம் பேசித்தான் சான்று தருகிறார்கள். ஒத்துக்கொள்ளாத தயாரிப்பாளர் மறுசீராய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கு மேல் முறையிட இருந்த தீர்ப்பாயத்தை 2021-ல் எடுத்துவிட்டதால் அதற்கு மேல் ஹைகோர்ட்தான். இத்தனை பேச்சும் முடிந்து எங்கள் போஸ்டருக்கு வந்து சேருவது இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்.

அந்த எழுத்தும் காசுக்கு வளைந்ததை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் சொன்னார்கள். 2011-ல், எல்லோரும் பார்க்கலாம் என்கிற யு சான்றும் வேண்டும் என்று சேர்த்தார்கள். அவ்வளவுதான், யுஏ கிடைத்தவர்களும் இன்னும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்து யு வாங்க ஓடினார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்தது, அந்த ஓட்டமும் நின்றது. அந்த ஆறு வருஷத்து யு படங்களில் எத்தனை கொலை நடந்தது என்று நான் எண்ணவில்லை.

ஓடிடிக்கு 2021-லேயே விதி போட்டுவிட்டார்கள். வயதோடு சேர்த்து வன்முறையா, கெட்ட வார்த்தையா என்றும் சொல்லியாக வேண்டும். தியேட்டரில் நான் பதில் தெரியாமல் நின்ற அதே படம் என் மகன் வீட்டு டிவியில் வரும்போது மூலையில் விவரம் ஓடுகிறது.

நான் கேட்பது அந்த நாலு வார்த்தையைத்தான். சான்றில் எண்ணுக்குக் கீழே தமிழில் காரணத்தைப் போடுங்கள். போஸ்டரிலும், டிக்கெட் எடுக்கிற ஆப்பிலும் அது கண்ணில் படுகிற அளவுக்கு இருக்கட்டும். படம் தொடங்கும்போது திரையில் சான்றைக் காட்டுகிறார்களே என்று சொல்லாதீர்கள். அதற்குள் நான் டிக்கெட்டைக் கிழித்திருப்பேன்.

இப்படிக்கு,
டிக்கெட் கிழிப்பவன், கோவில்பட்டி.

(பெயர் போட வேண்டாம். மேனேஜரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.)