உள்ளே போன நேரம்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அக்கா பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. போட்டோ அனுப்பியதற்கு உன்னிடமிருந்து இரண்டு நீலக் கோடுதான் வந்தது. போன் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

சித்தப்பா போன வாரம் உன்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அம்மா எட்டிப் பார்த்ததும், "அவன் ரூமில் இருக்கிற பையனுக்குத்தான் பேங்க் கணக்கு விஷயமாக ஏதோ விசாரணையாம்" என்று முடித்துக்கொண்டான். சரி, அந்தப் பையனுக்கே எழுதுகிறேன். படித்துக் காட்டு.

"சும்மா வந்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கேட்கச் சொல். நான் போலீஸில் இருந்த காலத்தில் அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 41-ஏ பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 35-ஆம் பிரிவு. நோட்டீஸ் வந்தால் ஒளியக் கூடாது, போக வேண்டும். ஒழுங்காகப் போய் வருகிறவனைக் கைது செய்வதென்றால் அவர்கள் காரணம் எழுதியாக வேண்டும். வக்கீலோடு போகட்டும். கைதே ஆனாலும் விசாரணைக்கு நடுவில் வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு, முழுநேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் முடியாது. உள்ளே போகும் நேரத்தை யாருக்காவது மெசேஜ் போட்டுவிட்டுப் போகட்டும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. வாக்குமூலம் என்று எழுதி நீட்டினாலும் போட வேண்டியதில்லை, விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தன்னையே மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், அரசியல் சாசனம் 20(3). போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. பிறகு ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்பாய். அவன் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும். அந்தச் சந்துக்குள் நுழையத்தான் அத்தனை லத்தியும்.

எம்.எஸ்ஸி. முடித்தவன், நம் வீட்டில் முதல் ஆள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். படித்தவன்தான் "கையெழுத்துத்தானே சார்" என்று போட்டுக் கொடுத்துவிட்டு வருவான். கணக்கை எவனுக்கோ தூக்கிக் கொடுத்தவன் வேறென்ன செய்வான்? அந்தப் பையனைச் சொல்கிறேன்.

2020 ஜூனில் டிவியில் சாத்தான்குளம் செய்தி ஓடியபோது, "நீங்களும் இப்படியாப்பா?" என்று கேட்டாய். நான் சேனலை மாற்றினேன்.

அடித்ததில்லை. இத்தனை வருஷமும் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1989, அப்போது நான் ஸ்டேஷன் ரைட்டர். சைக்கிள் திருட்டு என்று ஒரு பையனைத் திங்கட்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தார்கள். கைது நேரம் புதன் காலை ஏழு மணி என்று ஜி.டி.யில், அதாவது ஸ்டேஷனின் தினசரிப் பதிவேட்டில், எழுதினேன். அன்றைக்கு மதியமே மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாயிற்று. கைதானவனை 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு சரி. என் பேனா தொட்ட பிறகுதானே அந்த 24 மணி நேரமே ஓடத் தொடங்கும்.

செவ்வாய் மதியம் அவன் அம்மா தூக்குவாளியில் சோற்றோடு வாசலில் நின்றாள். மூடி விழாமலிருக்கச் சணல் கயிற்றால் கட்டியிருந்தாள். "இங்கே யாரையும் கொண்டுவரலையே" என்றேன். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான், அவள் குரல் கேட்டிருக்கும். திரும்பிப் போய்விட்டாள். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் டி.கே.பாசு தீர்ப்பு வந்தது. கைதுக் குறிப்பில் நேரம் எழுது, சொந்தக்காரருக்குச் சொல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டு என்று பதினொரு விதி. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டியவன் நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள்.

வியாழன் ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் கல்யாண வீடு என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் எந்த ஸ்டேஷனுக்கு, எத்தனை மணிக்குப் போகிறான் என்று மட்டும் எழுது. வாசலில் நிற்கிறேன். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதே.

அப்பா