மேக்கப்பின் மேல் அடிக்கும் சன்ஸ்கிரீன் ஸ்பிரே குறித்த புகார்

அனுப்புநர்:
மணப்பெண் ஒப்பனைக் கலைஞர்,
செங்கல்பட்டு.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
சன்ஸ்கிரீன் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: மேக்கப்பின் மேல் மறுபடி பூசுவதற்கென விற்கப்படும் எஸ்.பி.எஃப். 50 (வெயில் காப்பு எண் 50) ஸ்பிரேயின் முன்பக்க விளம்பரமும் பின்பக்கப் பயன்பாட்டுக் குறிப்பும் ஒன்றுக்கொன்று முரண்படுவது, அதனால் நேர்ந்த பாதிப்பு, பணத்தைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சித்திரை, வைகாசி முகூர்த்த வேலைகளுக்காகத் தங்கள் ஸ்பிரேயைத் தங்கள் இணையதளத்திலேயே நேரடியாக வாங்கினேன். பாட்டிலின் முன்பக்கத்தில், மேக்கப் கலையாது, கை படத் தேவையில்லை, முகத்தில் அடித்தால் போதும் என்ற பொருளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் சிரமப்படுத்தும் அளவு பொடி எழுத்தில், முகத்தில் நேரடியாக அடிக்கக் கூடாது, உள்ளங்கையில் அடித்துத் தாராளமாகத் தடவ வேண்டும் என்று இருக்கிறது. மேக்கப் போட்ட முகத்தில் உள்ளங்கையால் தாராளமாகத் தடவினால் என்ன மிஞ்சும் என்பது, ஒருமுறையாவது ஃபவுண்டேஷன் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே பாட்டிலின் இரண்டு பக்கங்களில் எதை நம்பி நான் பணம் கொடுத்தேன் என்பதே இந்தக் கடிதத்தின் கேள்வி.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு மணமக்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. காலையில் மணப்பெண்ணுக்கு வழக்கமான க்ரீம் சன்ஸ்கிரீனைப் பூசி, அது தோலில் படியும்வரை காத்திருந்து, அதற்கு மேல்தான் பேஸ் (ஃபவுண்டேஷன் அடுக்கு) போட்டேன். வெயிலில் நிற்பவர்கள் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் சொல்வதும், வியர்த்துவிட்டால் அதற்கு முன்பே பூச வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்ததே. கடற்கரையில் மேலிருந்து விழும் வெயில் போதாதென்று, காய்ந்த மணலும் தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். ஆகவே பதினோரு மணி வாக்கில், தங்கள் விளம்பரக் காணொளியில் காட்டியபடியே, கையை நீட்டிய தூரத்தில் பிடித்து முகத்தில் அடித்தேன்.

துளி விழுந்த இடமெல்லாம் பவுடர் கரைந்து, முகம் அம்மைத் தழும்பு விழுந்தது போலப் புள்ளி புள்ளியானது. மூக்கின் ஓரத்திலும் மேலுதட்டின் மேலும் பேஸ் பிளந்து தோல் தெரிந்தது. ஸ்பிரே கண்ணுக்குள் இறங்கி எரிந்ததில் அந்தப் பெண்ணுக்குக் கண்ணீர் நிற்கவில்லை, ஐலைனர் கன்னம்வரை வழிந்தது. ஃபோட்டோகிராஃபர் கேமராவை இறக்கிவைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்து முதலிலிருந்து போட நேரமில்லாததால், டிஷ்யூவால் ஒற்றி, காம்பாக்ட் பவுடர் வைத்து ஒப்பேற்றினேன். வெயிலைத் தங்கள் ஸ்பிரே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பிற்பகல்வரை வேலை தொடர்ந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் கன்னங்களும் நெற்றியும் சிவந்து எரிந்தன. அதைவிட வேதனையானது, நெற்றிச்சுட்டி தொங்கிய இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்க, சுற்றிலும் கறுத்து, அந்த நகையின் வடிவம் அப்படியே நெற்றியில் பதிந்திருந்தது. முகூர்த்தத்துக்குள் அது முழுவதும் மறையவில்லை. கழுத்துக்கு ஒரு நிறமும் முகத்துக்கு ஒரு நிறமுமாக இருந்ததைச் சமன்செய்ய, கல்யாணத்தன்று நான் வழக்கத்தைவிடக் கனமாகப் பேஸ் போட வேண்டியதாயிற்று. கனமான பேஸ் என்னுடைய வேலைக்கு அழகு இல்லை என்பது வேறு விஷயம்.

தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுதியபோது, சருமத்துக்குச் சருமம் பலன் மாறுபடும் என்றும், இன்னும் இரண்டு மூன்று முறை கூடுதலாக அடித்துப் பார்க்கவும் என்றும் பதில் வந்தது. இந்தப் பதிலைத் தங்கள் பெட்டியில் உள்ள எண்களை வைத்தே பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டிலில் இருப்பது 50 மி.லி.; சுமார் 350 முறை அடிக்கலாம் என்று பெட்டி சொல்கிறது. அப்படியானால் ஒருமுறை அழுத்தினால் வருவது ஏறத்தாழ 0.14 மி.லி. முகத்துக்கு நான்கு முறை அடிக்கச் சொல்கிறீர்கள், அது 0.6 மி.லி.கூட ஆகாது. எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடும் சர்வதேசச் சோதனை முறையில், தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மி.கி. பூசப்படுகிறது. முகத்தையும் கழுத்தின் முன்புறத்தையும் சேர்த்து 600 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 1.2 கிராம் வேண்டும். ஒரு மி.லி.யை ஒரு கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், காற்றில் பறப்பதையும் தலைமுடியில் படுவதையும் கணக்கில் எடுக்காமலே, தாங்கள் சொல்லும் அளவு அதில் பாதியைத்தான் தொடுகிறது. கடற்கரைக் காற்றில் எவ்வளவு முகத்துக்கு வந்து சேரும் என்பதைத் தங்கள் ஆய்வுக்கூடத்தினரே சொல்லட்டும். தேவையான அளவுக்கு அடித்தால் மேக்கப் நனைந்து கரையும். மேக்கப் நிற்கும் அளவுக்கு அடித்தால் பாட்டிலில் போட்டிருக்கும் 50 கிடைக்காது. இதில் சருமத்தின் குணம் எங்கே வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மேலும், அந்தச் சோதனை முறையில் சன்ஸ்கிரீன் பூசப்படுவது தன்னார்வலர்களின் வெறும் முதுகுத் தோலில். ஃபவுண்டேஷன், பவுடர், வியர்வை ஆகிய மூன்றுக்கும் மேல் அடித்தால் அதே 50 கிடைக்கும் என்று தாங்கள் தனியாகச் சோதித்திருந்தால், அந்த அறிக்கையின் நகலை எனக்கு அனுப்பிவைக்கவும். சோதிக்கவில்லை என்றால், மேக்கப்பின் மேல் எஸ்.பி.எஃப். 50 என்று எந்த அடிப்படையில் அச்சிட்டீர்கள் என்பதை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவும்.

பாட்டிலில் உள்ள, வியர்வையைத் தாங்கும் என்ற வாசகத்துக்கும் இதே கதைதான். எத்தனை நிமிடம் தாங்கும் என்று எங்கும் இல்லை. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, வியர்வை புகாது என்று எழுதவே கூடாது. நீரைத் தாங்கும் என்று எழுதினால் 40 நிமிடமா 80 நிமிடமா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இங்கே வாங்குபவர்களுக்கு அந்த அளவு விவரமாவது கொடுப்பதில் என்ன தடை? மூலப்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது ஆல்கஹால். எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கை பாட்டிலின் அடியில், விலைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஓமம் வளர்க்கும் மணவறைக்குப் பக்கத்தில் நின்று டச்-அப் செய்பவள் நான். இது முன்பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வரி.

மேக்கப் கலையாமல் சன்ஸ்கிரீனை மறுபடி பூசுவது இயலவே இயலாது என்று நான் சொல்லவில்லை. முதலில் டிஷ்யூவால் வியர்வையையும் எண்ணெயையும் ஒற்றி எடுத்துவிட்டு, லேசான ஜெல் அல்லது லோஷனை ஈரமான பஃப்பில் எடுத்து, தேய்க்காமல் தட்டித் தட்டி, ஒரு அடுக்கு காய்ந்த பிறகு இன்னொரு அடுக்காக வைத்தால் ஓரளவு நிற்கிறது. நேரம் பிடிக்கும், பேஸ் கொஞ்சம் மங்கும், பிறகு பவுடர் ஒற்ற வேண்டிவரும். வெறும் தோலில், கையிலும் முதுகிலும் தங்கள் ஸ்பிரே நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அப்படியே சொல்லி விற்றிருந்தால் நான் அப்படியே வாங்கியிருப்பேன், முகத்துக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பேன்.

ஆகவே, நான் வாங்கிய பாட்டில்கள் அனைத்துக்கும் உரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். இதில் திறக்காத பாட்டில்களும் அடக்கம். அந்த மணப்பெண் தோல் மருத்துவரிடம் செலவழித்த தொகையை நான் என் கூலியில் கழித்துக்கொண்டேன். ரசீதை இணைத்திருக்கிறேன், அதையும் தாங்களே ஏற்க வேண்டும். முகத்தில் நேரடியாக அடிப்பதைக் காட்டும் காணொளியை நீக்கி, முன்பக்க வாசகத்தைப் பின்பக்கக் குறிப்புக்குப் பொருந்துமாறு திருத்த வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இதே காணொளியைப் பார்த்து என் துறையில் பலர் இந்தக் கோடைக்கு இதையே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று பதில் எழுத எண்ணினால், சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவர் அதற்காக வாங்கும் பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் விளக்கத்திலேயே காணலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கவும் அதே சட்டம் இடமளிக்கிறது. தங்கள் இணையதளத்தில் வாங்கியதால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இப்புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் எனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பாட்டிலின் இரு பக்கங்களின் புகைப்படங்கள், தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், வாங்கிய ரசீது, கடற்கரையில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். மணப்பெண்ணின் முகம் தெரியும் படங்களை, அவர் குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி, நெற்றியும் கன்னமும் மட்டும் தெரியுமாறு வெட்டியிருக்கிறேன். முழுப் படங்களை ஆணையம் கேட்டால் மட்டுமே தருவேன். திறக்காத பாட்டில்களைச் சோதனைக்கு எடுத்துச் செல்ல விரும்பினால், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு ஆள் அனுப்பலாம். முகூர்த்த நாள்களில் மட்டும் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)