பாப்பாவுக்கு, கன்சல்டன்சி வேலை பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். "ஆறு மாசத்துக்குத்தாம்மா, அதுவும் கன்சல்டன்சி மூலமா" என்று, ஆள் அனுப்புகிற ஏஜென்சி வழியாக வந்த அந்த வேலையைப் பற்றிச் சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது. அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் அதிகம் பேசவில்லை. போனில் சொன்னாலும் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

இந்த வேலையை எடுத்துக்கொள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு பெண் பிரசவ விடுப்பில் போகிறாள், அவள் இடத்துக்கு ஆள் வேண்டும் என்றுதானே சொன்னாய்? 2017இல் சட்டத்தைத் திருத்தி 12 வார விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். உன் ஆறு மாதம் அங்கிருந்துதான் வருகிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் மூன்றாம் மாதமே பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு ஓடி வந்து, மத்தியானம் பால் கட்டிக்கொண்டு பாத்ரூமில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி வீட்டில் நிம்மதியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அவள் மேஜையை நீ பார்த்துக்கொள்ளப் போகிறாய். அது நல்ல வேலை.

நான் 2001இலிருந்து 2012 வரை இப்படித்தான் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். எப்படிச் சேர்ந்தேன் என்று சொன்னதில்லை. பிளஸ் டூ முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். ஒரு இண்டர்வியூ கார்டு கூட வரவில்லை. கையில் இருந்தது டைப்ரைட்டிங் மட்டும்தான்: இங்கிலீஷ் ஹையர், நிமிஷத்துக்கு 45 வார்த்தை, தமிழ் லோயர். உனக்கு ஒரு வயது. அப்பாவுக்குப் பிரஸ்ஸில் வேலை போய்விட்டது. உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு தி.நகரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். "ரெஜிஸ்ட்ரேஷன் 500 ரூபாய்" என்றார்கள். பாட்டியிடம் வாங்கிக் கட்டினேன். அவ்வளவுதான், அப்புறம் அங்கிருந்து ஒரு போனும் வரவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில் காசு கேட்கவே இல்லை. ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொன்னார்கள், தப்புகளை எண்ணினார்கள், மறுவாரம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த 500 ரூபாயில் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன். உண்மையான கன்சல்டன்சிக்குக் காசு கம்பெனியிடமிருந்து வருகிறது. நிரந்தர வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மாதச் சம்பளம், அதாவது வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம் பில் போடுவார்கள். உன்னைப் போலத் தற்காலிகமாக அனுப்பினால், உன் சம்பளத்துக்கு மேல் மாதாமாதம் ஒரு சர்வீஸ் சார்ஜ். நீ போய் உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு வருமானம். ஆகவே உன்னிடம் காசு கேட்கிறவனிடம் வேலை கிடையாது. இப்போது பேர்தான் மாறியிருக்கிறது: லேப்டாப் டெபாசிட், வெரிஃபிகேஷன் சார்ஜ், டிரெயினிங் கட்டணம். வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டரே அனுப்பிவிடுகிறார்கள். உன் ரூமில் இருக்கிற பெண்களுக்கும் சொல்லு. யாராவது ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930க்குப் போன் பண்ணச் சொல்லு.

இனிமேல் சொல்வதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த வேலையில் உனக்கு இரண்டு பேர். வேலை சொல்கிறவர் கிளையண்ட் என்கிற கம்பெனி, சம்பளம் போடுகிறவர் வெண்டர் என்கிற கன்சல்டன்சி. ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உன்னை வேலை வாங்குகிற மேனேஜரிடம் போய்ச் சம்பளம் வரவில்லை என்றால், "அது உங்க வெண்டர்கிட்ட கேளுங்க" என்பார். வெண்டரைக் கேட்டால், "கிளையண்ட் இன்னும் டைம்ஷீட் அப்ரூவ் பண்ணலை" என்பார். டைம்ஷீட் என்றால் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்ற கணக்கு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நாம் விழுந்துவிடக் கூடாது. நான் இரண்டு தடவை விழுந்தேன்.

முதல் தடவை சம்பளத்தில். 2008இல் நான் இருந்த ஆபீஸ் வெண்டரை மாற்றியது. பழைய வெண்டர் கடைசி மாதச் சம்பளத்தைப் போடவே இல்லை. போனை எடுக்கவில்லை, நேரில் போனால் பூட்டியிருந்தது. எனக்கு வர வேண்டியது 4,600 ரூபாய். ஐந்து பெண்கள், ஐந்து பேருக்கும் இதே கதை. ஆனால் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. அப்போது டைம்ஷீட் கார்பன் வைத்து எழுதுவோம். மேலே உள்ள தாள் வெண்டருக்குப் போகும். அடியில் இருக்கும் நீலக் காப்பியை எல்லோரும் குப்பையில் போடுவார்கள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் வைப்பேன். சூப்பர்வைசர் கையெழுத்து அதில் மங்கலாக விழுந்திருக்கும். ஆனாலும் அது கையெழுத்துதான். அந்த ஆபீஸில் ரிட்டயர் ஆகப் போகிற ஒரு அக்கவுண்டன்ட் சார் இருந்தார். அவர்தான் எங்களைக் கூப்பிட்டு, "1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி காண்ட்ராக்டர் கூலி கொடுக்கவில்லை என்றால் வேலை வாங்கிய கம்பெனிதான் கொடுக்கணும், கொடுத்துட்டு அவன்கிட்ட வசூல் பண்ணிக்கணும். எழுதிக் கொடுங்கம்மா" என்றார். எழுதினோம். என் நீலத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தோம். மூன்று வாரம் கழித்து ஐந்து பேருக்கும் செக் வந்தது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சரவண பவனில் ஆளுக்கொரு ரவா தோசை சாப்பிட்டோம். பார்சல் கட்டிக்கொண்டு வந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

உனக்கு இப்போது டைம்ஷீட் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பரவாயில்லை. வாரக் கடைசியில் அப்ரூவ் ஆன பக்கத்தைப் போட்டோ எடுத்து உன் சொந்த மெயிலுக்கு அனுப்பி வை. ஆபீஸ் மெயில் வேண்டாம், வேலை முடிந்த அன்றே அதை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது தடவை விழுந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி விஷயம். என் காலத்தில் ஒவ்வொரு வெண்டரிடம் சேரும்போதும் புது பி.எஃப். நம்பர் போடுவார்கள். ஒரு இடம் முடிந்ததும், "ஃபார்ம் 19, ஃபார்ம் 10சி, இரண்டிலும் கையெழுத்துப் போடுங்க, பணம் வந்துடும்" என்பார்கள். போட்டேன். முதல் தடவை வந்த பணத்தில் உன்னை எல்.கே.ஜி. சேர்த்தோம், அதற்காக நான் வருத்தப்படவே இல்லை. 19 பி.எஃப். சேமிப்பை எடுக்கிற ஃபார்ம். ஆனால் அந்த 10சி இருக்கிறதே, அது பென்ஷன் பணத்தை எடுக்கிற ஃபார்ம். எடுத்துவிட்டால் அதுவரை வேலை பார்த்த வருஷங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துபோகும். அதே ஃபார்மில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்கலாம், கேட்டால் சர்வீஸ் அடுத்த இடத்தோடு சேரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வெண்டர், மூன்றரை வருஷம், மூன்று வருஷம், நாலு வருஷம். கூட்டினால் பத்தரை. பத்து வருஷம் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 2014இலிருந்து அது மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பெரிய பணம் இல்லைதான், ஆனால் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் என் பேரில் வந்திருக்கும்.

உனக்கு அந்தக் கதி வரக் கூடாது. கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோதே உனக்கு யு.ஏ.என். வந்துவிட்டது, அது வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர், 12 இலக்கம், என் டைரியிலும் எழுதி வைத்திருக்கிறேன். சேரும்போது ஃபார்ம் 11 கொடுப்பார்கள். அதில் ஏற்கெனவே பி.எஃப். இருக்கிறதா என்ற இடத்தில் ஆமாம் என்று போட்டு அந்த நம்பரை எழுது. அவசரத்தில் இல்லை என்று போட்டுவிடாதே. மாதம் 15ஆம் தேதிக்குள் போன மாதப் பணத்தை அவர்கள் கட்டியாக வேண்டும். இருபதாம் தேதி வாக்கில் பாஸ்புக்கைத் திறந்து பார். பே ஸ்லிப்பில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிறவர்களும் உண்டு. ஆறு மாதம் முடிந்து பணத்தை எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் எடுக்காதே, அடுத்த இடத்துக்கு மாற்றிக்கொள்.

சம்பளம் 25,000 என்றாய். அது கைக்கு வருவதா, சி.டி.சி.யா என்று கேட்டாயா? சி.டி.சி. என்றால் உனக்காக ஆகிற மொத்தச் செலவு, கம்பெனி கட்டுகிற பி.எஃப்.பும் அதற்குள்தான் இருக்கும். பேசிக் 15,000 என்று வைத்துக்கொள், 12 சதவீதம் 1,800. உன் பங்கு 1,800, அவர்கள் பங்கு 1,800, இரண்டும் போனால் கைக்கு 21,000 சொச்சம்தான் வரும். இதைத் தெரிந்துகொண்டு ரூம் வாடகைக்குக் கணக்குப் போடு. சில இடங்களில் பி.எஃப். எதுவும் இல்லாமல் "கன்சல்டன்ட்" என்று பேர் வைத்து டி.டி.எஸ். என்று 10 சதவீதம் வருமான வரி மட்டும் பிடிப்பார்கள். பார்க்கக் கைக்கு அதிகமாகத் தெரியும். அப்படியென்றால் வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை.

இ.எஸ்.ஐ., அதாவது அரசாங்கத்தின் தொழிலாளர் காப்பீடு உண்டா, இல்லையென்றால் வேறு மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேள். அப்பாவுக்குக் கே.கே.நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது என் கார்டில்தான். சம்பளத்தில் நூறுக்குள் ஏதோ பிடித்தார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வாரம் கார்டைக் கும்பிட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். எந்தக் கன்சல்டன்சி உன் ரெஸ்யூமை எந்தக் கம்பெனிக்கு அனுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வை. இரண்டு பேர் ஒரே கம்பெனிக்கு உன்னை அனுப்பிவிட்டால் அவர்களுக்குள் சண்டை வரும், கம்பெனி உன்னையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடும்.

ஆபீஸில் உன் அடையாள அட்டைக் கயிறு வேறு நிறத்தில் இருக்கலாம். எனக்குப் பச்சை, நிரந்தரக்காரர்களுக்கு நீலம். தீபாவளிக்கு நீலக் கயிற்றுக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும், எங்களுக்கு வராது. வலிக்கும் கண்ணு, வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. எனக்கு 480 நெருங்கும்போதெல்லாம் ஒரு "பிரேக்" கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் "நல்லா பண்ணுங்க, உள்ளே எடுத்துக்கறோம்" என்று யாராவது வாயால் சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள். ஆனால் அதை நம்பி மற்ற இடங்களுக்கு அப்ளை பண்ணுவதை நிறுத்தாதே. நாலாவது மாதமே தேட ஆரம்பித்துவிடு.

வேலையை மட்டும் சொந்த வேலையாகப் பார். முதல் வாரத்திலிருந்தே, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் எந்த ரிப்போர்ட் போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே வா. அந்தப் பெண் திரும்பி வரும்போது அந்த நோட்டை அவள் கையில் கொடு. இன்சூரன்ஸ் ஆபீஸில் நான் அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து அவளே வேறு ஆபீஸில் என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட வைத்தாள்.

கடைசி நாளன்று ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இரண்டையும் வெண்டரிடம் வாங்கு. எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தாய் என்று அதில் இருக்க வேண்டும். வெண்டர் பேர் மட்டும் இருந்தால் அடுத்த இண்டர்வியூவில் யாருக்கும் புரியாது.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதே. காட்டு, திரும்ப வாங்கிக்கொள். அதெல்லாம் இங்கே பீரோவில் என்னிடமே இருக்கட்டும், வெரிஃபிகேஷனுக்குக் கேட்டால் அப்பா கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்புவார். ஐந்து செட் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டும் நேற்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதோடு பருப்புப் பொடியும் இருக்கிறது. போட்டோக் கவரில் எண்ணெய் படாமல் தனியாகக் கட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி. பார்சல் வந்ததும் போன் பண்ணு, மத்தியானமானாலும் எடுப்பேன்.

உன்
அம்மா