வெஸ்ட் கவுண்டித் தமிழ்க் குடும்பங்களுக்கு: அந்த பஸ் நம்முடையதும்தான்

அன்புள்ள உறவுகளே,

செஸ்டர்ஃபீல்டு, பால்வின், மான்செஸ்டர், எல்லிஸ்வில் என்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸின் மேற்குப் பக்கத்தில் சொந்த வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருக்கிற நம் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மேயருக்கே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவர் நமக்கு மேயர் இல்லை. அவர் நகரத்துக்கு மேயர், நாம் கவுண்டியில், அதாவது நகரத்தை ஒட்டி மாவட்டம் மாதிரித் தனி ஆட்சியாக உள்ள பகுதியில் இருக்கிறோம். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான்.

போன வருடம் அம்மா வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார். வந்த இரண்டாவது வாரம், சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இந்தப் பக்கம் பஸ்ஸே வராதா?" கும்பகோணத்தில் எழுபத்தொரு வயதில் தனியாக டவுன் பஸ் ஏறி, காய் வாங்கி, கோயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, சித்தி வீட்டில் காபி குடித்துவிட்டு வெயிலுக்கு முன்னால் வீடு திரும்புகிறவர் அவர். இங்கே சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தார். நாங்கள் களைப்பாக இருந்தால் அதுவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போதுதான் சொன்னார், "உங்க வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா கால் ரெண்டையும் கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு." உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலக கேண்டீனில் வேலை செய்யும் ஒரு அம்மா, அறுபதை நெருங்குகிறார், வீடு நகரத்தின் வடக்குப் பகுதியில். காலை ஏழு மணி வேலைக்கு ஐந்து மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். ஒரு பஸ், ஒரு ரயில், இன்னொரு பஸ். அடுத்த பஸ்ஸில் வந்தால் தாமதமாகிவிடும், அதனால் முந்தைய பஸ்ஸிலேயே வந்து, கேண்டீன் கதவு திறக்கும் வரை பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். ஜனவரிப் பனியிலும் அப்படித்தான். ஒருநாள் நான் சீக்கிரம் போனபோது இதைப் பார்த்தேன். மடியில் பை, கையில் சிறிய ஃபிளாஸ்க், கையுறையைக் கழற்றாமலே மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். 2009-ல் இங்கே பஸ்கள் நின்றுபோனதைப் பற்றி அவர்தான் சொன்னார். "270 ஹைவேக்கு அந்தப் பக்கம் இனி பஸ் இல்லைன்னுட்டாங்க. மூணு வாரம் அண்ணன் மகன் கார்ல கொண்டுவந்து விட்டான். அப்புறம் அப்போ பாத்துட்டிருந்த வேலையை விட்டுட்டேன்."

நான் 2013-ல் வந்தவள், அதனால் இதைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2008 நவம்பரில் பொதுப் போக்குவரத்துக்காக அரை சதவீத விற்பனை வரி வேண்டும் என்று கவுண்டியில் வாக்கெடுப்பு நடந்தது. கொஞ்ச வாக்குகளில் தோற்றது. அடுத்த மார்ச்சில் 2,000-க்கும் மேற்பட்ட பஸ் ஸ்டாப்புகளில் வண்டி நிற்கவில்லை. 270 நெடுஞ்சாலைக்கு வெளியே, அதாவது நாம் குடியிருக்கும் பக்கம், ஏறக்குறைய எல்லா பஸ்ஸும் நின்றுபோனது. நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. பஸ் இல்லாமல் போனதும்தான் முதலாளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் தங்கள் ஆட்கள் எதில் ஏறி வந்தார்கள் என்பதே தெரிந்தது. 2010 ஏப்ரலில் அதே வரி மறுபடி வாக்குக்கு வந்தது. இந்த முறை கவுண்டியில் 63 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நகரத்து மக்கள் 1997-லேயே தங்கள் பங்குக்குக் கால் சதவீத வரிக்குச் சரி சொல்லியிருந்தார்கள். ஆனால் கவுண்டியும் சரி சொன்னால்தான் அது அமலுக்கு வரும். பதின்மூன்று வருடம் அந்த வரி நமக்காகக் காத்திருந்தது.

ஒரே ஊரில் ஏன் இப்படி? 1876-ல் நடந்த ஒரு காரியம்தான் காரணம். அந்த வருடம் செயின்ட் லூயிஸ் நகரம் கவுண்டியிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனது. இங்குள்ளவர்கள் அதைப் பெரிய விவாகரத்து என்கிறார்கள். எனக்கு அது அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாகத்தான் படுகிறது. 1880 கணக்கெடுப்பில் நகரத்தில் மூன்றரை லட்சம் பேர், கவுண்டியில் சுமார் 32,000 பேர். நம் வரிப் பணம் ஏன் அந்தக் கிராமத்து ரோட்டுக்குப் போகவேண்டும் என்று நகரத்தார் கேட்டார்கள். எல்லைக்கோடு போட்டார்கள். அந்தக் கோடு இன்றுவரை ஒரு அடி நகரவில்லை.

மக்கள் நகர்ந்தார்கள். 1950-ல் நகரத்தில் 8,56,796 பேர் இருந்தார்கள். 2020-ல் 3,01,578 பேர். கவுண்டியில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதற்குள் ஏறத்தாழ தொண்ணூறு குட்டி நகராட்சிகள். இப்போது கேள்வி திசை மாறியிருக்கிறது. நம் வரிப் பணம் ஏன் நகரத்துக்குப் போகவேண்டும் என்று கவுண்டிக்காரர்கள் கேட்கிறார்கள். நம் வீட்டு விருந்துகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரிந்த வீட்டுக்குள் வந்து குடியேறியவர்கள் நாம், பிரிவினையின் கதையை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

மறுபடி சேர்க்கும் முயற்சிகள் பலமுறை நடந்தன. 1926, 1959, 1962 என்று வாக்குக்கு வந்த திட்டங்கள் தோற்றன. கடைசியாக 2019 ஜனவரியில் ஒரு திட்டம் வந்தது. அதில் என்னை உறுத்தியது, செயின்ட் லூயிஸை இணைப்பதா வேண்டாமா என்பதை மிசௌரி மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தீர்மானிக்கும் என்றது. இங்கே குடியிருப்பவர்கள் மறுத்தாலும் இணைப்பு நடந்திருக்கலாம். நகரத்துக் கறுப்பின மக்களுக்கு இன்னொரு அச்சம். பல தலைமுறை போராடி நகர ஆட்சியில் பெற்ற இடம் பதின்மூன்று லட்சம் பேரில் கரைந்துபோகும். அந்த அச்சம் நியாயமானது, அதைத் தட்டிக்கழித்துவிட்டு யாரும் இணைப்பு பேச முடியாது. முதல் பெருநகர மேயராக வரவேண்டியிருந்த கவுண்டித் தலைவர் ஸ்டீவ் ஸ்டெங்கர் ஊழல் வழக்கில் சிக்கி ஏப்ரலில் பதவி விலகினார், பிறகு சிறைக்கும் போனார். மே மாதம் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நகரமும் கவுண்டியும் ஒன்றாக வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் ஒன்றானால் பஸ் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாஷ்வில் 1963-லேயே கவுண்டியோடு ஒன்றானது. பொதுப் போக்குவரத்துக்கென்று தனி வரி வைக்க அங்கே 2018-ல் கேட்டார்கள், மக்கள் மறுத்தார்கள். 2024 நவம்பரில்தான் சம்மதம் கிடைத்தது. இணைந்து அறுபது வருடத்துக்குப் பிறகு! லூயிவில் ஒன்றானது 2003-ல். அந்த ஊர் பஸ்ஸைத் தாங்கி நிற்கும் வரிக்கு மக்கள் வாக்களித்தது 1974-ல், இணைப்புக்கு வெகுகாலம் முன்பே. ஆகவே இணைப்பு வரட்டும், அதுவரை பஸ் காத்திருக்கட்டும் என்பது சரியான வரிசை இல்லை.

நம் ஊரிலேயே சேர்ந்து செய்த காரியங்கள் இருக்கின்றன. நகரத்துக்கும் கவுண்டிக்கும் பொதுவான கழிவுநீர் அமைப்பு 1954-ல் வந்தது. ஃபாரஸ்ட் பார்க்கில் உள்ள மிருகக்காட்சி சாலைக்கு, ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு விருந்தாளியையும் நாம் கூட்டிப்போகிறோமே, நுழைவுக் கட்டணம் இல்லை. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இரண்டு பக்கத்துச் சொத்துவரியிலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. 1971-ல் இரண்டு பக்க மக்களும் வாக்களித்து வந்த ஏற்பாடு அது. சிங்கத்துக்கும் யானைக்கும் சேர்ந்து சோறு போடுகிறவர்கள் ஒரு பஸ்ஸைச் சேர்ந்து ஓட்ட முடியாதா?

விமான நிலையத்தில் ஏறினால் மெட்ரோலிங்க் ரயில் கவுண்டியைக் கடந்து, நகரத்துக்குள் போய், ஈட்ஸ் பாலத்தில் மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய்க்குப் போய்விடுகிறது. 1994-லிருந்து அப்படித்தான் ஓடுகிறது. அம்மாவை ஒருமுறை அதில் கூட்டிப்போனேன். ஆற்றுக்கு மேல் போகும்போது "காவிரியவிட பெருசா?" என்று கேட்டுவிட்டு, இறங்கும் வரை ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. எந்த இடத்தில் கவுண்டி முடிந்தது, எந்த இடத்தில் நகரம் தொடங்கியது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். குடியுரிமை பெற்றவர்கள், போக்குவரத்து வரி வாக்குக்கு வரும் நாளில் அதற்கு ஆதரவாக வாக்களியுங்கள். இணைப்பு பற்றி யார் வந்து பேசினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே வசிப்பவர்கள்தானே வாக்களிப்போம்? பஸ்ஸுக்கு என்ன ஏற்பாடு? எச்1பி விசாவில் இருப்பவர்கள் நமக்கு வாக்கு இல்லையே என்று ஒதுங்கிவிட வேண்டாம். அந்த அரை சதவீதத்தை நீங்களும்தான் கட்டுகிறீர்கள். நூறு டாலருக்கு மளிகை வாங்கினால் அதில் ஐம்பது சென்ட். இந்தியக் கடையில் அம்மா எடுத்துப் போட்ட முருங்கைக்காய்க்கும் அந்த வரி உண்டு. பணம் கொடுத்தவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

கவுண்டி கவுன்சில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கிளேட்டனில் கூடுகிறது, பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், கேண்டீன் பின்வாசல் படியைப் பற்றி. உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், உங்கள் அப்பாவைப் பற்றி, வீட்டு வேலைக்கு உதவ வருபவரைப் பற்றி, கார் ஓட்டத் தெரியாத முதல் வருடத்தில் நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்ததைப் பற்றி. வாருங்கள். கிளேட்டன் ஸ்டேஷனில் இறங்கினால் அந்தக் கட்டடம் நடக்கிற தூரம்தான்.

ஏப்ரலில் அம்மா மறுபடி வருகிறார். நேற்று போனில் கேட்டார், "பஸ் விட்டுட்டாங்களா?"

அன்புடன்,
பால்வினிலிருந்து ஒரு சகோதரி