கீழமாசி வீதி நெரிசல்: சரக்கு இறக்கும் நேரத்தை வரையறுக்கக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு காவல் ஆணையர் அவர்கள்,
மதுரை மாநகரம்.

ஐயா,

வணக்கம். விளக்குத்தூண், கீழமாசி வீதி நெரிசல் என்றாலே தெரு குறுகல் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தெருவை இனி அகலப்படுத்த வழியில்லை. இருக்கிற அகலம் எங்கே போகிறது என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

9 மீட்டர் தெரு என்று வைத்துக்கொள்வோம். ஓரங்கட்டிய லாரிக்கு இரண்டரை மீட்டர், எதிரே குறுக்காக நிறுத்திய பைக்குகளுக்கு 2 மீட்டர். மிச்சம் நாலரை மீட்டரில்தான் போவதும் வருவதும். அதில் ஒரு தள்ளுவண்டி நின்றால் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். 10 டன் அரிசி என்பது 50 கிலோவில் 200 மூட்டை. நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 நடை. நடைக்கு ஒரு நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

லாரி நிற்பதைவிடப் பெரிய தொல்லை, அது ரிவர்ஸ் எடுப்பது. 2 நிமிடம் தெரு நின்றால், நிமிடத்துக்கு 20 வண்டி வரும் நேரத்தில் 40 வண்டி தேங்கும். வழி விட்டதும் நிமிடத்துக்கு 30 வெளியேறும். பின்னால் 20 வந்துகொண்டே இருக்கும். குறைவது 10 மட்டுமே. 2 நிமிட அடைப்பு தீர இன்னும் 4 நிமிடம். அதற்குள் அடுத்தடுத்து லாரிகள் திரும்பிக்கொண்டே இருந்தால் தேக்கம் அன்று மாலைவரை கலையாது.

ஆகவே, லாரிகள் இரவு 10 முதல் காலை 7 வரை மட்டும் இறக்கட்டும். இரவில் கடை திறப்பது, சுமைக்கூலி கூடுவது பற்றி எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். பகல் 11 முதல் 3 வரை மினி லாரிகளுக்கு 7 மீட்டர் நீளத்தில் மஞ்சள் கோடிட்ட இடமும் 20 நிமிட வரம்பும் போதும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115, 117 இதற்கு இடம் தருகின்றன. பைக்குகள் ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படையில் மறுபக்கம். தெருமுனையிலிருந்து 20 மீட்டருக்கு ஷேர் ஆட்டோ நிற்கக் கூடாது. சித்திரைத் தேர் திரும்பும் முனைகளில் மற்ற நாளில் ஆட்டோ திரும்ப முடியவில்லை.

சக்கரத்துக்குப் பூட்டுப் போட வேண்டாம். அடைத்து நிற்கும் வண்டி இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கும். இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றை விளக்குத்தூணில் நிறுத்துங்கள்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் 30 நாள் சோதனையாக நடத்திப் பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழமாசி வீதி வணிகர்கள், சுமைப்பணியாளர்கள், சரக்கு வாகன ஓட்டுநர்கள்