கேட்டாங்களே, குடுத்தாரா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரமா உங்க வாசகர் கடிதம் பகுதியில டிரம்ப் பதவி விட்டு இறங்கினப்புறமும் ரகசிய அரசாங்க பேப்பர வீட்டுல வச்சிருந்த விவகாரத்த வச்சு நடக்கற சண்டைய விடாம படிச்சுட்டு வர்றேன். ராணிப்பேட்டை வாசகர் ஒருத்தர் அது முழுக்க அரசியல் பழிவாங்கல்னு எழுதினாரு, அதுக்கு ஆம்பூர்காரர் ஒருத்தர் டிரம்ப் நாட்டையே வித்துட்டாருன்ற ரேஞ்சுக்கு பதில் போட்டாரு, அப்புறம் பைடன் வீட்டு கராஜ், ஹிலாரி இமெயில்னு எல்லாம் வரிசை கட்டி வந்துடுச்சு. ரெண்டு பேருக்கும் அமெரிக்காவுல ஓட்டு கிடையாது, கோவத்துக்கு மட்டும் கொறச்சலில்ல. புரியுது, 2025 ஆகஸ்ட்ல நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதுலருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல், ஷூ வேலை பாக்கற வீடுங்கள்ல அந்த ஆள திட்டாம ஒரு நாள் போனதில்ல, இன்னொரு பக்கம் பையன் டெக்சாஸ்ல செட்டில் ஆன வீடுங்கள்ல அவர ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. ஆனா வரி மேல இருக்கற கோவத்த ஃபைல் கேஸ் மேல காட்டினா இன்னா நியாயம்?

நான் வருவாய்த்துறையில, பழைய வடாற்காடு ஜில்லாவுல கிளார்க்கா சேந்தவன், சர்வீஸ்ல பாதி ரெக்கார்ட் ரூம்லயே போச்சு. ஒரு ஃபைல் முடிஞ்சுதுன்னா ஓ.மு.வா, மூ.மு.வா, ப.மு.வா, நி.மு.வான்னு போடணும், அதாவது ஒரு வருஷம் வைக்கணுமா, மூணு வருஷமா, பத்து வருஷமா, காலாகாலத்துக்குமான்னு. எவ்ளோ பெரிய ஆபீசர் கேட்டாலும் சீட்டு இல்லாம கட்ட அவுக்க மாட்டோம். அதனால இந்த விஷயத்துல பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்குன்னு நெனைக்கிறேன்.

முதல்ல தேதி வாரியா சொல்லிடறேன், ஏன்னா உங்க பக்கத்துல வந்த கடிதம் ஒண்ணுல கூட தேதியே இல்ல. அமெரிக்காவுல 1978ல ஒரு சட்டம் போட்டாங்க, பிரசிடெண்டா இருந்த நிக்சன், ஆபீஸ் பேச்ச பதிவு பண்ண டேப்ப வச்சுகிட்டு அடிச்ச கூத்துக்கு அப்புறம் வந்தது. பிரசிடெண்ட் பதவியில இருக்கறப்ப உண்டாகற ஆபீஸ் பேப்பர் எல்லாம் அரசாங்கத்து சொத்து, இறங்கினா அத்தனையும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு போகணும், ரீகன் காலத்துலருந்து இதான் நடைமுறை. டிரம்ப் 2021 ஜனவரியில இறங்கினாரு. மே மாசமே காப்பகத்துக்காரங்க சில பேப்பர் காணோம், குடுங்கன்னு கேட்டுட்டாங்க. கேட்டு கேட்டு 2022 ஜனவரியில 15 பெட்டி வந்துச்சு, பிரிச்சா அதுல ரகசிய முத்திரை போட்டது மட்டும் 197. இன்னும் இருக்கும்போலன்னு மே 11ம் தேதி சம்மன் போச்சு. ஜூன் 3ம் தேதி அவர் தரப்புல 38 பேப்பர ஒரு உறையில போட்டு டேப் ஒட்டி குடுத்து, நல்லா தேடிட்டோம் இவ்ளோதான்னு எழுதியும் குடுத்தாங்க. ஆகஸ்ட் 8ம் தேதி எஃப்.பி.ஐ., அதாவது அவங்க மத்திய புலனாய்வுத் துறை, வாரண்டோட டிரம்போட மார்-அ-லாகோ பங்களாவுக்குள்ள போனா இன்னும் 102.

சம்மன் வந்ததுக்கு அப்புறம், டிரம்போட வக்கீல் தேட வர்றதுக்கு முன்னாடி, ஸ்டோர் ரூம்லருந்து சுமார் 64 பெட்டி வெளிய போச்சு, திரும்பி வந்தது 30 தான்னு குற்றப்பத்திரிகையில இருக்கு. அது நிரூபணம் ஆகல, ஆகறதுக்கு விசாரணையே நடக்கல. 2023 ஜூன்ல அவர் மேல 37 சார்ஜ், ஜூலையில அது 40 ஆச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, யாரும் எழுதல. பேப்பர வச்சிருந்ததுக்காக முதல்ல போட்டது 31 சார்ஜ், ஒரு பேப்பருக்கு ஒண்ணுன்னு. ஜனவரியில திரும்பி வந்த 197ல ஒண்ணுகூட அந்த 31ல இல்ல. எல்லாமே சம்மனுக்கு அப்புறம் வந்ததும், சோதனையில எடுத்ததும்தான். பின்னாடி சேத்த ஒரே ஒரு பேப்பர்தான் ஜனவரி லாட்டுல இருந்தது, அதுவும் வெளி ஆளுங்களுக்கு காட்டினாருன்ற குற்றச்சாட்டுக்காக. அதாவது எடுத்துட்டு போனதுக்கு இல்லீங்க கேஸு, கேட்டும் குடுக்காததுக்கு. ராணிப்பேட்டை வாசகர் இத ஒரு தடவ நிதானமா படிக்கணும்.

அவரே எழுதியிருந்தாரு, பிரசிடெண்டுக்கு எந்த ரகசியத்தையும் ரகசியமில்லன்னு ஆக்கற அதிகாரம் இருக்கேன்னு. இருக்கு, பதவியில இருக்கற வரைக்கும் இருக்கு. டிரம்ப் இன்னும் ஒரு படி மேல போய் 2022 செப்டம்பர்ல டிவியில, மனசுல நெனச்சாலே போதும்னு சொன்னாரு. நெனச்சாருன்னே வச்சுக்குவோம். அவர் மேல போட்டது 1917ம் வருஷத்து உளவுச் சட்டம், அதுல நாட்டு பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல்னுதான் இருக்கு, மேல முத்திரை இருக்கா இல்லையான்னு அது கேக்கவே இல்ல. அதுவும் போகட்டும், முத்திரைய அழிச்சுட்டா பேப்பர் நம்ம சொந்த சொத்தாயிடுமா? இன்னொண்ணு, ரகசிய பேப்பர அனுமதி இல்லாம எடுத்துட்டு போனா ஒரு வருஷம்னு இருந்த தண்டனைய அஞ்சு வருஷமா ஏத்தின சட்டத்துல 2018 ஜனவரியில கையெழுத்து போட்டதே டிரம்ப்தான். அந்த பிரிவுல அவர் மேல கேஸ் போடலன்றது வேற விஷயம்.

சரி, இப்ப ஆம்பூர்காரர் பக்கம் வர்றேன், அவரும் லேசா தப்பிச்சு போக முடியாது. பைடன் விஷயத்த "தெரியாம நடந்த சின்ன தப்பு"ன்னு ஒரே வரியில தாண்டிட்டாரு. 2022 நவம்பர் 2ம் தேதி பைடனோட பழைய ஆபீஸ்ல ரகசிய பேப்பர் கெடைக்குது, ஆறு நாள்ல அங்க தேர்தல், ஊருக்கு சொன்னது 2023 ஜனவரியில. ரெண்டு மாசம் மூடி வச்சது மூடி வச்சதுதான். அப்புறம் டெலாவேர் வீட்டு கராஜ்ல, பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிக்கற எடத்துல. விசாரிச்ச ராபர்ட் ஹர்ன்றவர் 2024 பிப்ரவரியில குடுத்த அறிக்கையில, பைடன் துணை அதிபர் பதவிய விட்டப்புறம் தெரிஞ்சே சிலத வச்சிருந்தாருன்றதுக்கு ஆதாரம் இருக்கு, ஆனா கோர்ட்டுல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க அது பத்தாதுன்னுதான் எழுதினாரு. ஞாபகமறதி உள்ள வயசானவர்னு எழுதினதுதான் ஊரெல்லாம் ஓடுச்சு, ஆதாரம் இருக்குன்ற முதல் பாதிய ஒரு கட்சி மறைச்சாங்க, அது பத்தாதுன்ற ரெண்டாவது பாதிய இன்னொரு கட்சி மறைச்சாங்க. அதே அறிக்கையில ஹர் இன்னொண்ணும் எழுதியிருக்காரு, பைடன் தரப்பு பேப்பர தானா ஒப்படைச்சு வீட்ட தேட ஒத்துகிட்டாங்க, டிரம்புக்கு பல வாய்ப்பு குடுத்தும் நேர்மாறா நடந்துகிட்டதா குற்றப்பத்திரிகை சொல்லுது, ரெண்டும் ஒண்ணில்லன்னு. இந்த ஹர மேரிலாண்ட் மாநிலத்துல மத்திய அரசு வக்கீலா போட்டதே டிரம்ப்தான்! டிரம்புக்கு துணை அதிபரா இருந்த பென்ஸ் வீட்டுலயும் 2023 ஜனவரியில ஒரு டஜன் அளவுக்கு கெடைச்சுது, குடுத்துட்டாரு, ஜூன்ல கேஸ் இல்லன்னு முடிச்சுட்டாங்க.

ஹிலாரி கதையையும் விடக்கூடாது, இல்லன்னா ஒரு பக்கம் சாஞ்சுட்டேன்னு சொல்வாங்க. வெளியுறவு மந்திரியா இருந்தப்ப சொந்த சர்வர்ல ஆபீஸ் மெயில் ஓட்டினது தப்பு, 2016 ஜூலையில எஃப்.பி.ஐ. தலைவர் கோமி ரொம்ப அலட்சியம்னு திட்டிட்டு கேஸ் வேணாம்னுட்டாரு. சொந்த விஷயம்னு சொல்லி 30 ஆயிரம் மெயிலுக்கு மேல அழிஞ்சுது, அதுவும் பார்லிமெண்ட் கமிட்டி சம்மன் வந்தப்புறம். அவங்க சொல்லி அழிச்சதா எஃப்.பி.ஐ. கண்டுபிடிக்கல, இருந்தாலும் என் கணக்குல அது நல்ல மார்க் இல்ல. கேட்டா குடுக்கணும், அவ்ளோதான்.

நம்ம ஊர்லயே இத பாத்திருக்கேன். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரே உத்தரவுல ஊர் கணக்கு எழுதற கர்ணம், ஊர் தலைவரான மணியக்காரர் பதவி எல்லாத்தையும் எடுத்துட்டாரு. அதுவரைக்கும் பல ஊர்ல கிராம கணக்கு கர்ணம் வீட்டு பரண்லதான் தூங்கும், அப்பன், தாத்தன் காலத்து அ-பதிவேடு, அடங்கல்னு நிலக் கணக்கு, பழைய வரைபடம், எல்லாம் துணியில சுத்தி கெடக்கும். அத தப்புன்னு சொல்ல முடியாது, வேற எடம் இல்ல, பழக்கம் அப்படி. உத்தரவு வந்ததும் முக்காவாசி பேரு கண்ணுல தண்ணியோட லிஸ்ட் போட்டு ஒப்படைச்சு கையெழுத்து வாங்கிட்டு போனாங்க. குடியாத்தம் பக்கம் ஒரு ஊர்ல மட்டும் ஒரு பெரியவர், இது எங்க குடும்பத்து கணக்கு, எங்க தாத்தா எழுதினதுன்னுட்டாரு. தாசில்தார் ஆள் அனுப்பினா ஒரு கட்டு வரும், மறுபடி போனா அரை கட்டு வரும். ஊர்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு, ஒரு கட்சி அவர திட்டும், இன்னொரு கட்சி "ஏன், மணியக்காரர் வீட்டுல மட்டும் இல்லையா"ன்னு கேக்கும். மணியக்காரர் போன மாசமே குடுத்துட்டாருன்னு சொன்னா யாரும் காதுல வாங்கல. அந்த உத்தரவு சட்டமாகி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1982ல அரசாங்கம் பக்கம் தீர்ப்பாச்சு, அந்த ஊரு கணக்கு முழுசா வந்து சேர்றதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயிடுச்சு. உங்க வாசகர் பகுதிய படிக்கறப்ப அந்த "மணியக்காரர் வீட்டுல இல்லையா" கேள்விதான் காதுல விழுது.

எனக்கு வயிறு எரியற எடம் வேற ஒண்ணு. டிரம்ப் மேல சார்ஜ் போட்ட அதே 2023 ஜூன்ல, கன்சாஸ் சிட்டியில எஃப்.பி.ஐ.யில அனலிஸ்டா இருந்த ஒரு அம்மாவுக்கு, ரகசிய பேப்பர வீட்டுல வச்சிருந்த குத்தத்துக்கு 3 வருஷம் 10 மாசம் ஜெயில். அந்தம்மாவுக்காக எந்த கட்சிக்காரனும் டிவியில கத்தல, எங்க ஊர் டீக்கடையிலயும் ஒருத்தனும் பேரு சொல்லல. கீழ வேலை பாத்தவன்னா சட்டம் நேரா போகுது, மேல போகப் போக வளையுது, இது எங்க ஆபீஸ்லயும் பாத்ததுதான், எந்த நாட்டுல பாத்தாலும் அதே கதை.

கேஸு இன்னாச்சுன்னு பாருங்க. 2024 ஜூலை 15ம் தேதி ஜட்ஜ் எய்லீன் கேனன், அரசு வக்கீல் ஜாக் ஸ்மித்த நியமிச்ச முறையே செல்லாதுன்னு கேஸ தள்ளிட்டாங்க. பேப்பர் வச்சிருந்தாரா இல்லையா, மறைச்சாரா இல்லையான்னு ஒரு சாட்சியக்கூட விசாரிக்கல. அப்பீல் போனாங்க, நவம்பர்ல டிரம்ப் ஜெயிச்சாரு, பதவியில இருக்கற பிரசிடெண்ட் மேல கேஸ் நடத்தறதில்லன்ற வழக்கத்த சொல்லி அவர் மேல இருந்தத வாபஸ் வாங்கிட்டாங்க. ஸ்மித் எழுதின அறிக்கையில இந்த பேப்பர் விஷயம் இருக்கற ரெண்டாவது பாகத்த 2025 ஜனவரியில வெளிய விடாம அதே ஜட்ஜ் தடுத்தாங்க. பிப்ரவரி கடைசியில எஃப்.பி.ஐ. எடுத்துட்டு போன பெட்டிங்கள டிரம்ப் கிட்டயே திருப்பி குடுத்தாச்சு, பிரசிடெண்ட் விமானத்துல ஏத்தி ஃப்ளோரிடாவுக்கு கொண்டு போனாங்க. நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சுன்னு ராணிப்பேட்டை வாசகர் எழுதினது தப்பு, குத்தவாளின்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு ஆம்பூர்காரர் எழுதினதும் தப்பு. எந்த தீர்ப்பும் வரல.

2025 அக்டோபர்ல டிரம்போட பழைய பாதுகாப்பு ஆலோசகர் போல்டன் மேல இதே மாதிரி 18 சார்ஜ் போட்டாங்க, நான் குத்தம் பண்ணலன்னாரு. வேடிக்கைய பாருங்க, அன்னிக்கு பழிவாங்கல்னு கத்தினவங்கெல்லாம் சட்டம் தன் கடமைய செய்யுதுங்கறாங்க, அன்னிக்கு சட்டத்துக்கு மேல யாரும் இல்லன்னவங்க இப்ப பழிவாங்கல்ங்கறாங்க. மைக்க மாத்தி புடிச்சுகிட்டாங்க.

அங்க நடக்கறது நமக்கெதுக்குன்னு நீங்க கேக்கலாம். டெல்லியில நேரு பேப்பர் இருக்கற மியூசியத்துலருந்து 2008ல 51 பெட்டி சோனியா காந்தி தரப்புக்கு போச்சு, இப்ப திருப்பி குடுங்கன்னு மியூசியம் கேக்குது. இதுல ராணுவ ரகசியம் ஒண்ணும் இல்ல, நேரு மத்தவங்களுக்கு எழுதினது, அவருக்கு வந்தது. குடும்ப கடிதம்னு ஒரு கட்சி, நாட்டு சொத்துன்னு இன்னொரு கட்சி, டிவியில பாதி நேரம் நேரு நல்லவரா கெட்டவரான்னு போயிடுது. 1993ல நம்ம நாட்டுலயும் பொது ஆவணச் சட்டம் போட்டிருக்கு, அரசு பேப்பர் எது, சொந்த பேப்பர் எதுன்னு பிரிச்சு லிஸ்ட் போட்டு ரெண்டு பக்கமும் ஒத்துக்க வேண்டிய வேலை அது, எங்க ரெக்கார்ட் ரூம்ல ரெண்டு கிளார்க், ஒரு சூப்பிரண்டு ஒக்காந்தா முடிச்சுடுவோம்.

அதனால அய்யா, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி விஷயத்துக்கு பக்கம் ஒதுக்கினா யாரு யார திட்டினாங்கன்றத கொறச்சுட்டு, எப்ப எடுத்துட்டு போனாங்க, எப்ப கேட்டாங்க, எப்ப எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ வரலன்னு ஒரு சின்ன கட்டத்துல போட்டுடுங்க. நேரு பேப்பருக்கும் போடுங்க, ரெண்டு கட்சிக்காரங்களும் உங்கள திட்டுவாங்க, பரவால்ல. இந்த கடிதம் நீளமா போச்சுன்னா ஹிலாரி பாராவ வெட்டிக்குங்க, தேதி பாராவுல மட்டும் கை வச்சுடாதீங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
காட்பாடி, வேலூர்.