கார்டைக் கையில குடுக்கறப்போ ரெண்டு நிமிஷம் பேசுங்க

வங்கிக் கிளை மேனேஜர்களுக்கும், கவுண்டர்ல உக்காந்து புது ஏடிஎம் கார்டு எடுத்துக் குடுக்கறவங்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில டவுன்ஹால் ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், 14 வருஷமாச்சு. டிஸ்ப்ளே மாத்தறது, சார்ஜிங் பின் மாத்தறதுதான் வேலை, ஆனா இப்ப ரெண்டு மூணு வருஷமா போனைக் குடுத்துட்டு அப்படியே பர்ஸைத் திறந்து கார்டையும் எடுத்து நீட்டி "தம்பி இது என்னான்னு கொஞ்சம் பாருங்க"னு கேக்கறவங்க நெறைய ஆயிட்டாங்க. உங்ககிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட கேக்கறாங்க, அதனாலதான் இந்த மடல்.

போன மாசம் லோடு ஆட்டோ ஓட்டற ஒரு அண்ணன் வந்தாரு. சனிக்கிழமை ராத்திரி எங்கயோ கார்டைத் தவற விட்டிருக்காரு, ஞாயித்துக்கிழமை மதியம்தான் தெரிஞ்சிருக்கு, அதுக்குள்ள ஒரு துணிக்கடையில 4,850, இன்னொரு இடத்துல 3,200னு ரெண்டு தடவை காசு போயிருச்சு. எஸ்எம்எஸ் வரலையாண்ணேனு கேட்டா, அது எப்பவோ ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய நம்பருக்குப் போயிட்டிருக்கு. திங்கக்கிழமை காலையில கிளை திறக்கறதுக்கு முன்னாடியே போயி நின்னிருக்காரு. அங்க கவுண்டர்ல இருந்தவங்க, பின் நம்பர் போடாம காசு போகவே போகாது, நீங்க யாருக்கோ நம்பர் சொல்லிருக்கீங்க, மொதல்ல வீட்டுல பசங்களை விசாரிங்கனு சொல்லி அனுப்பிட்டாங்க. அவரும் வீட்டுக்குப் போயி காலேஜ் படிக்கற மகனைக் கை நீட்டி அடிச்சிருக்காரு. பையன் ரெண்டு நாள் சாப்பிடலையாம். என் கடையில உக்காந்து இதைச் சொல்றப்போ அவருக்குத் தொண்டை அடைச்சுது.

எந்த வங்கி, எந்தக் கிளைனு நான் சொல்ல வரல, ஏன்னா இது ஒரு கிளையோட தப்புனு நான் நினைக்கல. அவரு கார்டுல பக்கவாட்டுல நாலு வளைவுக் கோடு போட்டிருக்கு, சாய்ச்சுப் போட்ட வைஃபை மாதிரி. அதுக்கு அர்த்தம் தட்டினாலே காசு போகும்னு. 5,000 ரூபா வரைக்கும் பின் இல்லாமயே போகும், முன்னாடி 2,000 இருந்ததை ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 1ல இருந்து 5,000 ஆக்கிருச்சு. தினமும் கார்டு எடுத்துக் குடுக்கற ஒருத்தருக்கே இது தெரியலைன்னா, ஆட்டோ ஓட்டறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணையும் கேக்கணும். 2020 ஜனவரியில ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு, அந்த வருஷம் அக்டோபர் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. புதுக் கார்டு குடுத்தா உள்நாட்டு ஏடிஎம்லயும் கார்டைச் சொருகற மெஷின்லயும் மட்டும்தான் வேலை செய்யணும், தட்டற வசதி, ஆன்லைன், வெளிநாடு எல்லாம் வாடிக்கையாளர் கேட்டாத்தான் ஆன் பண்ணணும், எவ்வளவு வரைக்கும் போலாம்னு அவரே லிமிட் வெச்சுக்கலாம், ராத்திரி பகல் எந்நேரமும் மாத்திக்கலாம்னு அதுல தெளிவா இருக்கு. இந்த ஆட்டோ அண்ணன் அவரு வங்கியோட ஆப்பை இதுவரைக்கும் இறக்கினதே இல்ல, நான்தான் அன்னைக்குப் போட்டுக் குடுத்தேன், பாத்தா தட்டற வசதி ஆன்ல இருக்கு. யாரு ஆன் பண்ணாங்க? கார்டு வாங்கற அன்னைக்கு ஏடிஎம்ல பின் போடறப்போ யாராவது உதவி பண்றேன்னு எல்லாத்துக்கும் எஸ் அமுக்கிட்டாங்களானு அவருக்கே தெரியல.

இதுக்கு நேர் எதிரா பயத்துல கிடக்கறவங்களும் வர்றாங்க. சத்துணவுல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு அம்மா, பென்சன் கார்டைச் சாப்பாட்டுப் பார்சல்ல வர்ற சில்வர் பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல ரப்பர் பேண்ட் போட்டு, அதையும் ஒரு சுருக்குப் பையில போட்டுக் கொண்டு வந்தாங்க. பஸ்ல பக்கத்துல நிக்கறவன் மெஷினை வெச்சு காசை இழுத்துருவான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சாம். நான் அவங்க முன்னாடியே கார்டை எடுத்து என் போனுக்குப் பின்னாடி வெச்சுக் காட்டினேன், ஒரு கை அகலம் தள்ளிப் பிடிச்சா ஒண்ணும் ஆகல, கிட்டக் கொண்டு போயி ஒட்டற மாதிரி வெச்சப்பதான் டிக்குனு சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான்மா தூரம், நாலு சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி நீளம் கூட வராதுனு சொன்னேன்.

என்எஃப்சினு சொல்றது, இப்படிக் கிட்ட வெச்சா மட்டும் வேலை செய்யற இந்த நுட்பத்தைத்தான். கார்டுக்குள்ள பேட்டரி கிடையாது. மெஷின்லயும் ஒரு காயில் இருக்கு, கார்டோட ஓரத்தைச் சுத்தியும் முடி மாதிரி ஒரு செம்புக் கம்பி ஓடுது, சில கார்டை டார்ச் வெளிச்சத்துல பிடிச்சா அந்தக் கோடு மங்கலாத் தெரியும். மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குது, டிரான்ஸ்பார்மர் மாதிரிதான், அந்தப் புலத்துல கார்டு நுழைஞ்சதும் கம்பியில கரண்ட் வந்து சிப் முழிச்சுக்குது. ஒவ்வொரு தட்டுக்கும் புதுசா ஒரு ரகசியக் கணக்குப் போட்டு அனுப்பும், ஒரு தடவை போனதை எவனாவது பிடிச்சு வெச்சுக்கிட்டு மறுபடி ஓட்ட முடியாது. என் போன்ல படிச்சாலும் கார்டு நம்பரும் எப்ப முடியுதுங்கற தேதியும் தெரியும், பின்னாடி அச்சடிச்ச அந்த மூணு இலக்கம் வராது. பஸ்ல மெஷினை வெச்சு இழுக்கறது நடக்கவே நடக்காதுனு நான் சொல்ல மாட்டேன், ஆனா மெஷின் வாங்கறவன் தன் பேர்ல அக்கவுண்ட், அடையாளம் எல்லாம் குடுத்துத்தான் வாங்கணும், காசு எங்க போச்சுன்னு தடம் இருக்கும். கார்டு தொலையறதுதான் நெசமான ஆபத்து. அந்த அம்மாவுக்கு வந்த வாட்ஸ்அப்புல அதைப் பத்தி ஒரு வரி இல்ல.

அப்ப எல்லாருக்கும் ஆஃப் பண்ணியே குடுத்துட்டா வேலை முடிஞ்சுதுனு நினைச்சுராதீங்க. என்கிட்ட ரெகுலரா வர்ற ஒரு சார், பார்வை இல்லாதவர், ரயில்ல பொருள் விக்கறாரு. முன்னாடி மெஷின்ல பட்டன் இருக்கும், அஞ்சாம் நம்பர் பட்டன் மேல ஒரு புள்ளி இருக்கும், தடவினா தெரியும், அதை வெச்சு அவரே பின் போட்டுருவாரு. இப்ப வர்றது முக்காவாசி போன் மாதிரி வழவழனு கண்ணாடி, கை வெச்சா எங்க என்ன இருக்குன்னு தெரியாது. அதனால மருந்துக்கடையில பத்துப் பேர் நிக்கறப்போ சத்தமா பின் நம்பரைச் சொல்லி, கடைப் பையனைப் போடச் சொல்லிட்டிருந்தாரு. அவருக்குத் தட்டற வசதியை 1,000 ரூபா லிமிட் வெச்சு ஆன் பண்ணிக் குடுத்தோம். ஒரு வாரம் கழிச்சு வந்து, தம்பி இப்ப என் நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னாரு. கை நடுக்கம் இருக்கற பெரியவங்க, பின் மறந்து போயி அட்டையிலயே பேனாவுல எழுதி வெச்சிருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் இது எவ்வளவு பெரிய வசதினு யோசிச்சுப் பாருங்க.

இந்த நுட்பம் கார்டோட நிக்கல. கையில ஒட்டிக்கற சுகர் பட்டை இருக்கே, அதுல சில வகை போனைக் கிட்டக் கொண்டு போனா அளவு காட்டும், அதுவும் என்எஃப்சிதான். ஒருத்தருக்கு வெளிய எங்கயோ டூப்ளிகேட் பேக் கவர் மாத்திருக்காங்க, பழைய கவரோட உள்பக்கம் ஒட்டிருந்த காயிலையும் சேத்து குப்பையில போட்டுட்டாங்க, அன்னைல இருந்து அவரு சுகர் பாக்க முடியல, பட்டை கெட்டுப் போச்சுனு நினைச்சு இன்னொண்ணு வாங்கிருக்காரு. சென்னை மெட்ரோவுல 2023ல இருந்து தட்டிட்டுப் போற பொதுப் போக்குவரத்துக் கார்டு வந்துருச்சு. 2023 செப்டம்பர்ல யூபிஐ லைட் எக்ஸ்னு வந்துச்சு, ரெண்டு போனையும் ஒட்டி வெச்சா சிக்னல் இல்லாத இடத்துலயும் காசு அனுப்பலாம், ஆனா என் கடைக்கு வர்ற பத்தாயிரம் ரூபாய்க்குள்ள உள்ள போன்ல பெரும்பாலும் என்எஃப்சியே இருக்காது, அது போன் கம்பெனிக்காரங்களுக்கு எழுத வேண்டிய இன்னொரு மடல்.

திருட்டும் புதுசா வருது, அதையும் நீங்கதான் சொல்லணும். 2024 ஆகஸ்ட்ல செக் குடியரசுல நடந்ததை ஈசெட்ங்கற பாதுகாப்புக் கம்பெனி வெளியிட்டுச்சு. வங்கியில இருந்து பேசறோம்னு சொல்லி ஒரு ஆப்பை இறக்க வெச்சு, பின் நம்பரை அதுல போட வெச்சு, கார்டைப் போனுக்குப் பின்னாடி வைங்கனு சொல்லிருக்காங்க. வெச்ச உடனே கார்டு பேசறதை அந்த ஆப் திருடனோட போனுக்கு அப்படியே கடத்திருச்சு, அவன் ஏடிஎம் முன்னாடி நின்னு காசை எடுத்துட்டான். நாலு சென்டிமீட்டர்னு நான் அந்த அம்மாகிட்ட சொன்ன கணக்கு இங்க உடைஞ்சு போகுது. போன்ல கூப்பிட்டு கார்டைப் போன் பின்னாடி வைக்கச் சொன்னா அது திருடன்தான்னு ஒரே ஒரு வரி, கார்டு வர்ற கவருக்கு மேல தமிழ்ல பெருசா அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

நான் கேக்கறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. கவரைக் கவுண்டர்ல தள்ளிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த நாலு கோட்டைக் காட்டி, இது தட்டினா போற கார்டு, உங்களுக்கு வேணுமா வேண்டாமா, வேணும்னா எவ்வளவு லிமிட் வைக்கலாம்னு கேளுங்க. எஸ்எம்எஸ் போற நம்பர் இப்பவும் அவங்க கையில இருக்கானு ஒரு தடவை சரி பாருங்க. தொலைஞ்சா கிளை திறக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த நம்பருக்கு உடனே அடிங்கனு அவங்க கண்ணு முன்னாடியே போன்ல சேவ் பண்ணி விடுங்க. காசு திருடு போனா கூப்பிட 1930னு சைபர் குற்ற உதவி நம்பர் இருக்கறதையும் சொல்லுங்க. கூட்டம், ஆள் பத்தாது, டார்கெட் வேற, எல்லாம் எனக்கும் தெரியும், நானும் கடையில ஒத்த ஆளா நின்னு பாக்கறவன்தான். ஆனாலும் கேக்கறேன், ஏன்னா அந்த ரெண்டு நிமிஷம் இல்லாததாலதான் ஒரு வீட்டுல அப்பன் மகனை அடிச்சான்.

அவரு விஷயத்துக்கே வர்றேன். 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையில, தகவல் குடுத்ததுக்கு அப்புறம் போற காசுக்கு வங்கிதான் பொறுப்பு, வாடிக்கையாளர்தான் பொறுப்புனு சொன்னா அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்னு இருக்கு. இவருக்குத் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதானு நான் சொல்ல முடியாது, தகவல் சொல்றதுக்கு முன்னாடியே போன காசு அது. ஆனா புகாரை வாங்காமயே, நீதான் நம்பரைச் சொல்லிட்டனு அனுப்பற உரிமை யாருக்கும் இல்ல. ரெண்டு தடவையும் பின் போட்டாங்களா, தட்டினாங்களானு உங்க சிஸ்டத்துல பாத்தாலே தெரிஞ்சிரும். அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, காசை விட அதுதான் அவருக்கு இப்ப வேணும், மகன்கிட்ட காட்டறதுக்கு.

வர்ற திங்கக்கிழமை கடையை ஒரு மணி நேரம் லேட்டா திறந்துக்கறேன்னு சொல்லிருக்கேன், அவரோட நானும் வர்றேன். புகார் மனு ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருக்கோம், ஒண்ணுல சீல் போட்டுத் திருப்பிக் குடுங்க.

இப்படிக்கு,
டவுன்ஹால் ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் பண்றவன்